சுவர் ஓரத்துக்குத் தெரியக்கூடாது

"கிட்ட வராதீங்க டாக்டர்! முதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

"கழுவிட்டுத்தாம்மா உள்ள வந்தேன்."

"கழுவின கையாலதானே போனை எடுத்துப் பேசினீங்க? மறுபடி கழுவுங்க."

"எத்தனை வருஷமா உங்களைப் பார்க்கிறேன், ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?"

"அப்போ, அத்தனை வருஷமும் கழுவாமத்தான் தொட்டீங்களா?"

டயாலிசிஸ் அறைக்குள் நடந்த சண்டை வெளி வராந்தா வரை கேட்டது. அங்கே நின்றிருந்த ஆராய்ச்சி நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் நடத்திய பாடம் அல்லவா இது! ஆசையாக எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

சத்தம் போட்ட அம்மாள் படுத்திருந்தது சுவர் ஓரம்!

பாடம் ஜன்னல் ஓரத்துக் கட்டில்களுக்கு மட்டும்தான். யார் தொட வந்தாலும் கை கழுவச் சொல்ல வேண்டும், ரத்தம் போய்வரக் கழுத்தில் பொருத்தியிருக்கும் குழாயின் மூடியைத் துடைத்து, அது காய்ந்த பிறகுதான் திறக்கவிட வேண்டும். சுவர் ஓரத்துக்காரர்களுக்கு இதெல்லாம் ஆராய்ச்சி முடிந்த பிறகுதான். எந்தப் பக்கம் கிருமிக் காய்ச்சல் குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே ஆராய்ச்சி!

பெரிய டாக்டர் ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"யாரோ அந்தப் பக்கத்துக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்க. இன்னிக்குள்ள ஆளைக் கண்டுபிடி. இல்லேன்னா உன்னோட ஒரு வருஷ உழைப்பு அம்பேல்!"

தரை துடைக்கிறவரைக் கேட்டாள். மெஷின் மெக்கானிக்கைக் கேட்டாள். இருவரும் கையை விரித்தார்கள்.

மிச்சம் ஒருவர்தான். ஜன்னல் ஓரத்துப் பெரியவர். அவளுடைய முதல் மாணவர். சுவர் ஓரத்து அம்மாளுக்கு அவர் சம்பந்தி வேறு.

"ஐயா, பாடத்தை உங்க சம்பந்தி அம்மாகிட்ட சொன்னீங்களா?"

மெஷின் இரைச்சலில் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"அவங்ககிட்டயா? கல்யாணப் போட்டோவுல என்னை ஓரமா நிக்க வெச்சவங்கம்மா! அன்னியோட பேச்சுவார்த்தை கட்."

"யாரு ஓரமா நிக்க வெச்சது?" சுவர் ஓரத்திலிருந்து உடனே பதில் பறந்து வந்தது. "அவரா போய் தூண் மறைவுல நின்னாரு!"

பெரியவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விறைப்பாக விட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். ரோஷக்காரர்.

நர்ஸ் சுவர் ஓரத்துக்கு நகர்ந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தா? சத்தியமா திட்ட மாட்டேன்."

"திட்டவே கூடாது. தங்கமான பொண்ணு. சலிக்காம திருப்பித் திருப்பிச் சொல்லுவா. இந்தப் பக்கம் அத்தனை பேருக்கும் மனப்பாடம்."

"யாரு அந்தப் பொண்ணு?"

"நீங்கதான் சிஸ்டர்."

"நானா? நான் அந்தப் பக்கம் ரகசியமாத்தானே சொன்னேன்!"

"மெஷின்ல படுத்தா என் சம்பந்தி காதுக் கருவியக் கழட்டி வெச்சிடுவாரு. அவர் காதுல நீங்க சொன்ன ரகசியம், வாசல்ல செருப்பு விடற இடம் வரைக்கும் கேட்டுச்சே!"

அந்த வருடம் இரண்டு பக்கத்திலும் ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லை. இப்போது நீங்களே சொல்லுங்கள், அவள் ஆராய்ச்சி ஜெயித்ததா, தோற்றதா? பெரிய டாக்டரிடம் அவள் என்ன சொல்லட்டும்? பாவம், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். மறக்காமல் பதில் போடுங்கள்.