நாலு வீட்டு இடம்

“இந்த எடத்த மட்டும் விட்டுருங்கய்யா. ஒரு வீடும் வேணாம்.”

படத்தில் ரெங்கம்மா விரல் வைத்த இடத்தில் இரகுநாதன் ஏற்கெனவே நாலு வீடு வரைந்திருந்தார். தெமோதரைக்கு முன்னாலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை அறைகளான பழைய லயங்களை இடித்துவிட்டு, இருபத்துநாலு தனி வீடு கட்டத் திட்டம். படம் வரைய அவரைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மூன்று நாளாக அட்டைக் கடியும் ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளும் அவரை விடவில்லை.

“சமதரையா இருக்கிறது அது ஒண்டுதான். அதை எப்பிடிச் சும்மா விடுறது?” என்றார் யாழ்ப்பாணத் தமிழில்.

“மேல ரெண்டு ரெண்டா ஒட்டிக் கட்டுங்க. எடம் மிஞ்சும்.”

“திருப்பியும் லயம் மாதிரியோ? வீட்டுக்கு இவ்வளவு காணி எண்டு உத்தரவு.”

“கொஞ்சம் கொறஞ்சாப் பரவால்லீங்க.”

பின்னால் நின்ற தோட்டத்து ஆட்களும் தலையாட்டினார்கள். தங்கள் முற்றத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் சனத்தை இரகுநாதன் இருபது வருட உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

“அப்பிடி என்ன இருக்கு அதிலை? திருவிழாவுக்கோ?”

“ஆமாங்க.”

“பிள்ளையள் விளையாடவோ?”

“ஆமாங்க, அதுக்குந்தான்.”

எதைக் கேட்டாலும் ஆமாங்க. எரிச்சலோடு அழித்து, நெருக்கி வரைந்தார். எப்படி இழுத்துப் பிடித்தாலும் இருபத்துமூன்று வீடுதான் அடங்கியது.

“ஒரு வீடு குறையுது. ஆருக்கு வீடு வேண்டாம்? சொல்லுங்கோ பாப்பம்.”

இதோடு பேச்சு முடிந்தது என்று அவருக்கு நிம்மதி.

“என் வீட்ட வெட்டிருங்க” என்றாள் ரெங்கம்மா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பத்தடி அறையில் நாற்பது வருடம் அடுப்புப் புகைக்குள் கிடந்தவள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

“யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?”

“யோசிச்சுட்டேன்யா.”

படத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் அதன் பயனை எழுதவேண்டும். ‘விளையாட்டுத் திடல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவளுடைய தியாகம் அவரைக் கொஞ்சம் வெட்கப்படுத்தியது.

வியாழக்கிழமை பதுளையில் கொழும்பு ரயில் ஏறினார். ஹாலிஎலையில் தகரப் பெட்டியோடு ஏறி, எதிரே வந்து உட்கார்ந்தாள் ரெங்கம்மா.

“எங்கை பயணம்?”

“தலைமன்னாருக்குங்க. அங்கருந்து கப்பலு. ஒப்பந்தத்துல எனக்கு இந்தியா பாஸ்போட்டு வந்திருச்சு, இனித் திரும்ப முடியாது. மகளுக்கு இங்க பிரஜா உரிமை, மருமகன் பேருல வீடும் இருக்கு.”

வேண்டாத வீட்டையா விட்டுக்கொடுத்தாள்? இரகுநாதனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பத்திரிகையை விரித்தார்.

ரயில் பெரிய வளைவொன்றில் ஊர்ந்து திரும்பியது. ரெங்கம்மா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். அவரும் பார்த்தார். எதிர்ச்சரிவில், அவர் காலியாக விட்ட அதே இடத்தில், தோட்டத்துச் சனமெல்லாம் நின்றது. முன்னால் அவள் மகள் சேலைத் தலைப்பை வீசிக்கொண்டிருந்தாள். வளைவு முடியும்வரை தெரிந்தாள்.

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

ரெங்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்த மாசம் சின்னக்கண்ணு போறாரு. இன்னும் பதினோரு குடும்பத்துலருந்து ஆளுங்க போகணும். ஓடுற கோச்சியிலருந்து பாத்தா அந்த ஒரு எடந்தான்யா தெரியும். நின்னு அழறதுக்குன்னு கேட்டிருந்தா, நாலு வீட்டு எடத்த விட்டிருப்பீங்களா?”