வலது கை

"வலிச்சா உடனே நிறுத்திடுங்கம்மா. வம்படியா தூக்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

அவள் வலது கையைத் தூக்கினாள். தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, கை நேராக மேலே போய் நின்றது. பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் மூச்சுவிட மறந்து பார்த்தார். அவர் தையல்காரர். கிளம்பிய அவசரத்தில் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

வீட்டுச் சுவர் இடிந்து விழுந்ததில் நசுங்கிய கை அது. அன்றிலிருந்து அவளுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை வருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இங்கே வந்து, கை எப்படி இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போக வேண்டும்.

"சார், போன தடவை மாதிரி இவளை அழ வெச்சு அனுப்பிடாதீங்க" என்றார் தையல்காரர். "வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல."

பழைய டாக்டர் ஏதோ கடுமையாகப் பேசியிருப்பார் போல என்று நினைத்துக்கொண்டார் டாக்டர். அவர் இந்த நாற்காலிக்குப் புதிது. காலையில்தான் ஒரு பெரியவரிடம் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லி, அவர் வாசல்வரை அழுதுகொண்டே போனதைப் பார்த்திருந்தார். இவளையாவது எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"இந்த மணல் பையை எடுத்து அலமாரியில வைங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லலாம், தப்பே இல்ல."

அவள் குனிந்தாள், எடுத்தாள், வைத்தாள்.

"மெதுவா, மெதுவா" என்று முணுமுணுத்தார் தையல்காரர்.

"கைக்கு இப்போ ஓய்வு வேணுமாம்மா?"

"வேணாம் டாக்டர். இன்னொரு தடவை எடுத்து வைக்கட்டுமா?"

டாக்டருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிழைக்கத் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"இன்னைக்கு நல்லா இருக்கலாம். குளிர்ல, மழையில மரத்துப்போகும், ராத்திரி தூக்கம் கெடும். அந்த மாதிரி நாளைப் பத்திச் சொல்லுங்க. அதையும் நான் கணக்குல எடுத்துக்கணும்."

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. இப்போ எல்லா நாளும் ஒண்ணுதான்."

டாக்டர் தையல்காரர் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்களாவது சொல்லுங்க."

தையல்காரர் நாடாவின் நுனியைச் சுருட்டியபடி சொன்னார். "நான் என்னத்தச் சொல்ல சார். என் இஸ்திரிப் பெட்டி இருக்கே, பழைய இரும்புப் பெட்டி, எனக்கே அதைத் தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். ஆரம்பத்துல இவளால அதை நகர்த்தக்கூட முடியல. பல்லைக் கடிச்சுக்கிட்டு தினமும் அதோட மல்லுக்கட்டுவா. இப்போ கடையில இஸ்திரி வேலை முழுக்க இவதான்."

போதும் என்பதுபோல் டாக்டர் கையைக் காட்டினார். இதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணால் பார்த்ததை மாற்றி எழுத அவருக்கு மனம் வரவில்லை. எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க கை முழுசா குணமாயிடுச்சு. அடுத்த மாசத்துல இருந்து உதவித்தொகை கிடையாது."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தையல்காரர் எழுந்து அவள் தலையில் கை வைத்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

டாக்டர் தவித்துப்போனார். "அழாதீங்கம்மா. மேல்முறையீடு இருக்கு. எப்படிப் பண்ணணும்னு நானே சொல்லித் தர்றேன். இது முடிவு இல்ல."

"ஐயோ, வேணாம் டாக்டர்" என்று பதறி நிமிர்ந்தாள் அவள். கண்ணீருக்கு நடுவே முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "போன தடவை 'இன்னும் குணமாகல, உதவித்தொகை தொடரும்'னு எழுதினாங்களே, அன்னைக்குத்தான் நான் நொறுங்கிப்போனேன். இந்தக் கை தேறிடுச்சுன்னு நீங்க எழுதினாத்தான் டிப்போவுல என்னைப் பழையபடி ஸ்டியரிங் தொட விடுவாங்க. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸை எடுக்கப்போற டிரைவர் நான்தான்."