ஒரு நடை போதும்

"நானா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்லா. துரை மனசு மாறிடும், பாருங்க."

கூட்டம் தொடங்குவதற்குள் தபால்காரர் அப்துல் ரஹீம் பத்துப் பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பார். யாரும் மறுக்கவில்லை. சூலியா ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீனை பினாங்கு ஜார்ஜ் டவுன் வியாபாரிகள் எல்லோருமே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் என்ற மரியாதை. அவர் தலை ஆடினால் மற்றவர்கள் தலையும் ஆடும்.

விஷயம் இதுதான். ரப்பர் விலை விழுந்தது, ஈய விலை விழுந்தது, கடைசியில் எல்லாம் சேர்ந்து தபால்காரர்கள் தலையில் வந்து விழுந்தது. தினமும் மூன்று நடை வருகிற தபாலை ஒரே நடையாக்கி, பாதித் தபால்காரர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடலாம் என்று சர்க்கார் யோசித்தது. வியாபாரிகள் ஒரே குரலில் வேண்டாமென்றால் கைவிடுவதாகத் தபால் துரை சொல்லியிருந்தார். அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தலைமை வகித்த பழனியப்பன் எழுந்ததுமே பொரிந்து தள்ளினார். "காலைல வர்ற கடுதாசிக்கு மத்தியானமே பதில் போட்டு யாவாரம் பண்றவங்க நாம. ஒரே நடைன்னா கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"எங்க ரஹீம அனுப்பிட்டு வேற எவன வச்சு ஓட்டுவாங்களாம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சுவரோரம் நின்றிருந்த ரஹீமுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியும் நாலு பிள்ளைகளும் அவருடன் பினாங்கில்தான் இருந்தார்கள். ஊரில் அவருக்கு வீடுமில்லை, நிலமுமில்லை. இந்த வேலை போனால் எல்லாம் போனது.

ஆனால் நானா கைவிடமாட்டார். வியாபாரத்தை விடுங்கள், நானாவின் மனைவி ஹபீபா பீவிக்குத் தபால்தான் உயிர். கப்பல் வேலைக்குப் போன ஒரே மகன் முகம்மது போகிற துறைமுகத்திலிருந்தெல்லாம் எழுதுவான். ரஹீமின் சைக்கிள் மணி கேட்டால் போதும், அடுப்பில் எது கொதித்தாலும் விட்டுவிட்டு அந்த அம்மாள் மாடியிலிருந்து பாதிப் படி இறங்கி நிற்பார். மூன்று நடைக்கும் இப்படித்தான்.

நானா எழுந்தார். கூட்டம் அமைதியானது.

"ஒரு நடை போதும்" என்றார்.

பழனியப்பன் தனக்குத்தான் காது சரியில்லையோ என்று பார்த்தார். "என்ன நானா சொல்றீங்க?"

"போதும்னுதான் சொல்றேன். அவசரம்னா தந்தி இருக்கு. சர்க்கார் குறைக்கட்டும்."

ரஹீமை ஒருமுறைகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நாலைந்து பேர் நானா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். நாலைந்து பேர் சண்டை போட்டார்கள். ஒரே குரல் இல்லையென்று கண்டதும் துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "காசு வந்தா ஈரம் போயிடும் போல" என்று யாரோ நானாவின் காதுபடவே சொன்னார்.

அடுத்த மாதமே ரஹீமுக்கு வேலை போனது. சர்க்கார் செலவில் கப்பல் டிக்கெட்டும் வந்தது.

கப்பல் ஏறும் நாளன்று ரஹீம் நானாவின் கடைக்குப் போனார். கடையோர மாடிப்படியில், கீழே கடைசிப் படியிலேயே, ஹபீபா பீவி அரிசிச் சுளகோடு உட்கார்ந்திருந்தார். சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தபாலா தம்பி?"

"இல்ல லாத்தா. நான்தான் இப்ப தபால்காரன் இல்லையே."

"ஆமா, மறந்தே போச்சு. புது ஆளு எப்ப வர்றான்னே தெரியல தம்பி. பாதி ஊர அவன் ஒருத்தனே சுத்தறானாம். ஒரு நாளு காலைல வர்றான், ஒரு நாளு இருட்டுனப்புறம் வர்றான். அதான் விடியக்காலைல சுபுஹு தொழுததும் நான் இங்கயே வந்து உக்காந்துடுறது."

நானா வேகமாக வந்து ரஹீமைக் கடை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"ஏசணும்னா ஏசிடு தம்பி."

"ஏச வரல நானா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேட்டுட்டுப் போக வந்தேன். கொட்டற மழையிலகூட உங்க வீட்டுக்கு நான் ஒரு நடை தப்பினதில்லையே."

"அதான் தம்பி. நீ ஒரு நடைகூடத் தப்பல." நானா மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஒவ்வொரு நடைக்கும் அவ ஓடி எறங்கி வந்து, வெறுங்கையோட ஏறிப் போவா. அதப் பாக்க முடியல. ஒரு நடையாக் கொறஞ்சா ஒரு தடவதானே எறங்குவான்னு நெனச்சேன். உன் பொழப்பும் போச்சு. அவளும் இப்ப நாள் பூரா படியிலயே கெடக்குறா."

ரஹீமுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "முகம்மது ஒரு வரி எழுதினா எல்லாம் சரியாயிடும் நானா. அவனுக்கு ஒரு தந்தி அடிச்சுப் பாருங்களேன்."

தெருவில் யாருடைய சைக்கிள் மணியோ கேட்டது. ஹபீபா பீவி சுளகைத் தள்ளிவிட்டுப் பாதி எழுந்து, எட்டிப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"கடல்லயே காய்ச்சல்ல உசுரு போயி மவுத்தாயிட்டான் தம்பி, எட்டு மாசம் ஆச்சு. கூடப் போன பையன் வந்து சொல்லிட்டுப் போனான்" என்றார் நானா, மனைவிக்குக் கேட்காதபடி. "அவகிட்ட சொல்ல எனக்குத்தான் இன்னும் வாய் வரல."