தீபாவளி சேல் வரட்டும்

"கேம் கடையில தீபாவளி சேல் தேதி போட்டுட்டாங்க. இன்னும் மூணு வாரம்."

ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி ரோகினி சொன்னாள். ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் உள்ளே போவதைத் தள்ளிப்போடலாம் போலிருந்தது.

"நம்ம தீவு கேம் இருக்கா?" என்றான் அவள் கணவன் ஹேமநாதன்.

"இருக்கு. எழுபது பர்சென்ட் குறையுதாம்."

"பாத்தியா! ரெண்டு வருசம் பொறுத்தது வீண் போகல லா."

டிவியில் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற வீடியோ கேம் அது. ஆளில்லாத தீவில் குடிசை போட்டு, செடி நட்டு, மீன் பிடித்து வாழ வேண்டும். அதன் மேல் ரோகினிக்குக் கொள்ளை ஆசை. விலை நூற்று ஐம்பத்தொன்பது ரிங்கிட். எழுபது சதவீதம் குறையாத எதற்கும் ஹேமநாதன் கார்டை வெளியே எடுக்க மாட்டான். அவன் வேலை பார்க்கும் செண்டாயான் தொழிற்சாலையில் அவனுக்குப் பட்டப்பெயரே 'எழுபது'தான். கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் ஒரு கேமைக்கூட முழு விலைக்கு வாங்காத மகராசன்.

"சேல்ல வாங்கினதுல பாதிய நாம இன்னும் திறந்துகூடப் பாக்கல. வாங்கின அன்னிக்கு இருக்கிற சந்தோசம் மறுநாள் இல்ல. அப்புறம் எதுக்குங்க இப்படிக் காத்துக் கிடக்குறீங்க?"

"முந்தி மாதிரி இல்லதான். ஆனா காத்துக் கிடக்கிறதுலதான் லா ருசியே. விலை இன்னிக்கு விழுமா, நாளைக்கு விழுமான்னு..." என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "சரி, இறங்கு. டாக்டர் கூப்பிட்டுருவாரு."

ரோகினி இறங்கவில்லை. இடது மார்பில் ஒரு கட்டி. போன வாரம் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். காலையில் நர்ஸ் போன் செய்து, "ரிசல்ட் வந்துருச்சு. ஹஸ்பண்டையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைகளை ரோகினி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல செய்திக்குப் புருஷனை எதற்குக் கூப்பிட வேண்டும்?

"எனக்குப் பயமா இருக்குங்க. கால் வரல. நீங்களே போய்க் கேட்டுட்டு வந்துருங்க."

"டாக்டர் திட்டுவாரு லா."

"மயக்கமா வருது, கார்ல படுத்திருக்கான்னு சொல்லுங்க. எது சொன்னாலும் நீங்க வந்து சொல்லுங்க. உங்க வாயால கேட்டாத்தான் தாங்குவேன்."

அவளுடைய ஆஸ்பத்திரி அட்டையை வாங்கிக்கொண்டு அவன் போனான். சுவா எஸ்டேட்டிலிருந்து அம்மா விடாமல் போன் அடித்தாள். என்னவென்று சொல்வது? போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். முருகா, முருகா என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

அரை மணி நேரமாகியும் அவன் வரவில்லை. இவ்வளவு நேரம் என்ன சொல்கிறார் அந்த டாக்டர்? ரேடியோவில் பன்னிரண்டு மணிச் செய்தியும் முடிந்தது. கதவைத் திறந்து இறங்கலாமா என்று நினைத்தபோது, தூரத்தில் அவன் வருவது தெரிந்தது. சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஒண்ணும் இல்ல லா! வெறும் கொழுப்புக் கட்டி. அடுத்த வாரம் சின்னதா கீறி எடுத்துருவாங்களாம். அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்."

ரோகினி கார் நிறுத்துமிடம் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். "ஏங்க இவ்வளவு நேரம்?" என்று அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. வெயில் தாங்கவில்லை, முகம் கழுவினேன் என்றான். பணம் கட்டுகிற இடத்தில் ஒரே கூட்டம் என்றான்.

வழியில் ரொட்டி சானாய் பொட்டலம் கட்டி, தாப்பாவ் வாங்கினார்கள். ரஹாங்கில் தங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ரோகினிக்கு அப்படிப் பசித்தது. மூன்று நாளாகச் சாப்பிடாத பசி.

"இங்க வா" என்று கூப்பிட்டு ஹேமநாதன் டிவியைப் போட்டான்.

திரையில் கடல். நடுவே குட்டித் தீவு.

"ஐயோ! சேல் மூணு வாரம் கழிச்சுத்தானே?"

"திடீர்னு இன்னிக்கு ஒருநாள் ஆஃபர் போட்டான் லா. அதே எழுபது பர்சென்ட். விடுவனா நானு?"

"எழுபதா, கொக்கா!" என்று ரோகினி கைதட்டிச் சிரித்தாள். அவளுக்கு அந்த நாள் அவ்வளவு அழகாகத் தோன்றியது. "இருங்க, அம்மாவுக்கு நல்ல சேதி சொல்லிட்டு வந்துர்றேன். பாவம், தவிச்சிக்கிட்டு இருக்கும்."

"சீக்கிரம் வா. நான் குடிசைக்கு இடம் பாக்குறேன்."

அறைக்குள் போய்ப் பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். அம்மாவின் எண்ணைத் தேடுவதற்குள் ஒரு மெயில் வந்து விழுந்தது. அந்த கேம் கணக்கை ஆரம்பத்தில் திறந்தது அவள் மெயிலில்தான். ரசீது அவளுக்குத்தான் வரும் என்பதை ஹேமநாதன் மறந்திருந்தான்.

'மொத்தம்: 159 ரிங்கிட். தள்ளுபடி: இல்லை. வாங்கிய நேரம்: காலை 11.52.'

"ரோகினி, வா லா! தோட்டத்துக்கு என்ன செடி வைக்கலாம்?" என்று கூடத்திலிருந்து அவன் குரல் உற்சாகமாகக் கேட்டது.

காலை 11.52-க்கு அவன் ஆஸ்பத்திரிக்குள் இருந்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த 'எழுபது'க்கு, மூன்று வாரம் காத்திருக்கத் தைரியம் இல்லை.