பழசாக்கிய கோட்டு

டெரன்ஸ் பிளாட் காரைப் பின்னால் எடுத்து, தரையில் கிடந்த கோட்டின் மேல் மறுபடியும் ஏற்றினார். போன வாரம்தான் லண்டனில் வாங்கிய கம்பளிக் கோட்டு அது.

"டெரி! உனக்குப் பைத்தியமா? அது என்ன விலைன்னு தெரியுமா?" வாசலிலிருந்து கத்தினாள் மனைவி மோரீன்.

"தெரியும். மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஏத்தறேன்," என்றார் டெரன்ஸ்.

அன்று மதியம் பரம்பரைப் பெரிய மனிதர் சர் லயனல் வீட்டில் விருந்து. டெரன்ஸின் ஒரே மகள் ஜெம்மாவும் சர் லயனலின் மகன் கிறிஸ்பினும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

டெரன்ஸ் பாத்ரூம் டைல்ஸ் விற்று முன்னுக்கு வந்தவர். பணத்துக்குக் குறைவில்லை, மரியாதைக்குத்தான் குறைவு. போன கோடையில் ஊர்க் குதிரைக் காட்சிக்குப் பளபளவென்று உடுத்திக்கொண்டு போயிருந்தார். ஒரு சீமாட்டி அவர் கோட்டுக் கையைத் தொட்டுப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு புதுசு!" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பரம்பரைப் பெரிய மனிதர்கள் கோட்டு வாங்க மாட்டார்கள், தாத்தா காலத்துக் கோட்டு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அதனால் இந்த முறை ஏற்பாடு பலமாக இருந்தது. சட்டைக் காலரை உப்புத்தாளால் தேய்த்து நூல் பிரியவைத்தார். ஸ்வெட்டரின் முழங்கையில் கத்தரியால் ஓட்டை போட்டார். கோட்டின் மேல் நாயைப் படுக்கவிட்டார்.

"அப்பா, நீங்க நீங்களாவே வாங்களேன்," என்று கெஞ்சினாள் ஜெம்மா.

"நான் நானா போய்த்தான் ஒரு தடவை அசிங்கப்பட்டேனே. எல்லாம் உனக்காகத்தான் கண்ணு," என்று சொல்லிவிட்டு, தன் பெரிய காரைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். கடைக் காவலாளியின் துருப்பிடித்த காரை இரவல் வாங்கி, மூவரும் அதில் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

மாளிகை வாசலில் சர் லயனலே நின்றிருந்தார். ஸ்வெட்டரில் இரண்டு ஓட்டை. இடுப்பில் பெல்ட்டுக்குப் பதில் வைக்கோல் கட்டும் கயிறு. டெரன்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சர் லயனல் அவரை மேலும் கீழும் பார்த்தார். காரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, சுவரில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அந்த ஆள் முணுமுணுத்தபடி ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விருந்தாளி வரும்போது வேலைக்காரர்கள் கண்ணில் படக் கூடாது போலிருக்கிறது, பெரிய இடத்து நாசூக்கே தனி என்று டெரன்ஸ் மெச்சிக்கொண்டார்.

வறுத்த ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வந்தன. சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு வாளி இருந்தது. மேலேயிருந்து அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. டெரன்ஸும் கண்டுகொள்ளாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கடையெல்லாம் எப்படிப் போகுது, மிஸ்டர் பிளாட்?" என்று கேட்டார் சர் லயனல்.

சாப்பாட்டு மேசையில் வரும்படியைப் பற்றி வாய் திறப்பது அநாகரிகம் என்று டெரன்ஸ் கேள்விப்பட்டிருந்தார். "ஏதோ ஓடுதுங்க. பொழப்பு நடக்குது."

"பெரிய கார் ஒண்ணு வச்சிருந்தீங்கன்னு கிறிஸ்பின் சொன்னானே?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? நமக்கு இதுவே போதும்."

"அந்தக் கோட்டு..." என்று மெல்ல இழுத்தாள் சர் லயனலின் மனைவி லேடி வெனிஷியா.

"எங்க தாத்தாவோடது," என்றார் டெரன்ஸ், கூச்சமே இல்லாமல். மோரீனுக்குப் புரையேறியது. ஜெம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

லேடி வெனிஷியாவின் முகம் இளகிப்போயிற்று. "நல்லாச் சாப்பிடுங்க," என்று அவர் தட்டில் இன்னொரு பெரிய துண்டுக் கறியை எடுத்து வைத்தாள். கிளம்பும்போது மிச்சமிருந்த கறியையும் பொட்டலம் கட்டி மோரீன் கையில் திணித்தாள். சர் லயனல் டெரன்ஸின் தோளை அணைத்தபடி கார் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

"பார்த்தியா?" என்றார் டெரன்ஸ், காரில் ஏறி உட்கார்ந்ததும். "என்ன உபசாரம்! என்ன மரியாதை! ஜெம்மா, உன் கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்."

அப்போதுதான் தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பிப் போனார். சாப்பாட்டு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"எவ்வளவு நல்ல மனுஷர்! அப்படியே நம்ம ஆளு," என்று லேடி வெனிஷியா சொல்வது கேட்டது.

டெரன்ஸுக்குப் புல்லரித்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அத்தனை பாடும்! கதவில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அப்ப நிச்சயம் பண்ணிடலாமாப்பா?" இது கிறிஸ்பின்.

சர் லயனல் நீளமாகப் பெருமூச்சு விட்டார். "இந்தச் சம்பந்தத்தால நம்ம கூரைக்கு ஒரு விடிவு வரும்னு நம்பித்தானேடா ஏணிக்காரனைக் கூப்பிட்டேன்? விட்டுடு... அந்தாள் பாக்கெட்டும் நம்மளோடது மாதிரியே காலிடா!"