விளிம்பில் ஓர் எண்

நகைக்கடைக்காரர் கமலநாதன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மோதிரத்தை விளக்கருகே தூக்கிப் பிடித்தார்.

செத்தோம், என்று நினைத்தாள் லோஷினி.

பக்கத்து நாற்காலியில் வருங்கால மாமியார் ராசம்மா, மடியில் கைப்பையை அணைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மோதிர வைரத்துக்கான தரச்சான்று ரிப்போர்ட் கண்ணாடி மேசைமேல் விரித்துக் கிடந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

எல்லாம் அந்த வாட்ஸ்அப் செய்தியால் வந்த வினை. வைரம் வாங்கியவர்கள் காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம், ரிப்போர்ட்டில் இருக்கும் எண் கல்லின் விளிம்பிலும் லேசரால் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள் என்று யாரோ பேசி அனுப்பியிருந்தார்கள். ராசம்மா அதை மூன்று தடவை கேட்டாள். காலையில் பசியாறக்கூட விடாமல், நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தையும் அதைப் போட்டிருந்தவளையும் சேர்த்து, அதை வாங்கிய இந்தக் கடைக்கே இழுத்து வந்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் சோதிக்காமல் வாங்கியவள் இல்லை. கல்லை மூன்று நாள் வீட்டுச் சாமி மேடையில் வைத்து ராசி பார்த்தாள். பால் திரியவில்லை, யாரும் வழுக்கி விழவில்லை, மகன் குணாளனுக்குக் காய்ச்சல் வரவில்லை. நல்ல கல் என்று முடிவு கட்டினாள். எண்ணைப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இப்போது பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் இப்போது மோதிரத்தில் இருப்பது அந்தக் கல் இல்லையே!

பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலையில் லோஷினிக்கு வேலை. உள்ளே மோதிரம் போடக் கூடாது. கழற்றி வைத்தால் காணாமல் போகும் என்று பயந்து, கையுறைக்குள்ளேயே போட்டுக்கொண்டு பழம் பொறுக்கினாள். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து, கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவும்போதுதான் பார்த்தாள். மோதிரம் விரலில் இருந்தது. கல் இல்லை.

கையுறைகள் அன்னாசித் தோலோடு லோரியில் ஏறிப் போய்விட்டிருந்தன. கேட் வரைக்கும் ஓடிப் பார்த்தாள்.

அழுது ஓய்ந்த பிறகு ஜொகூர் பாருவில் ஒரு சின்ன ஸ்டாலில் அதே அளவில் ஒரு வெள்ளைக் கல்லைப் பதித்துக்கொண்டாள். கண்ணாடியைவிடக் கொஞ்சம் உசத்தி, அவ்வளவுதான். பதித்தவன் லென்ஸைக் கொடுத்து வேலையைச் சரிபார்க்கச் சொன்னான். கல்லின் விளிம்பு சுற்றிலும் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

குணாளனிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ பேசி மழுப்பினாள்.

இனி யார் நம்பப்போகிறார்கள்? கல்லை விற்றுத் தின்றுவிட்டாள் என்பார்கள். கல்யாணம் நின்றுபோகும். அப்பா கோயில் பக்கம்கூடத் தலைகாட்ட முடியாது.

கமலநாதன் மோதிரத்தை மெல்லத் திருப்பினார். ஏர்கோன் குளிரிலும் லோஷினியின் முதுகில் வியர்வை இறங்கியது. ஐயோ, சொல்லித் தொலையுங்களேன்!

"ரெண்டு, ஒன்னு, ஏழு, நாலு..." என்று அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பத்து எண்களையும் படித்து முடித்து லென்ஸை எடுத்தார். "அச்சு அசலா ஒன்னா இருக்கு அக்கா. நம்ம கடையில தப்பு வருமா?"

லோஷினிக்கு மூச்சு வந்தது. அவர் காலில் விழலாம் போல இருந்தது. தன்மேல் இரக்கப்பட்டுத்தான் இந்த மனுஷன் பொய் சொன்னார் என்று நினைத்து, நன்றியோடு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாமா, ராசியான கல்லுன்னு சொன்னேன்ல?" ராசம்மாவின் முகம் மலர்ந்தது. "போன வாரந்தான குணாளனுக்கு சூப்பர்வைசர் வேல கெடச்சுச்சு! தம்பி, நீங்க நம்ம பிரவீனாவுக்கு எடுத்து வெச்ச வைரத் தோட்டக் காட்டுங்க. அதையும் எடுத்துக்குறேன்."

பிரவீனா அவளுடைய கடைசி மகள். அவள் தோட்டுக்காகத்தான் ராசம்மா இபிஎஃப் சேமிப்புப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாள்.

கமலநாதன் தோட்டையும் புது ரிப்போர்ட்டையும் சேர்த்து நகர்த்தினார். கைகூசாமல் லென்ஸை மாட்டிக்கொண்டு, அதன் எண்ணையும் படிக்க ஆரம்பித்தார். அதே நிதானம். அதே குரல். ஒரு கண் லென்ஸில், இன்னொரு கண் காகிதத்தில்.

லோஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லாத எண்ணை இவர் எங்கே படித்தார்? காகிதத்தில்தான். எந்தக் கல்லைக் கொடுத்தாலும் காகிதத்தைத்தான் படிப்பார். அப்படியானால் லோரியில் போன கல் மட்டும் அசலா?

முதலில் வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். கல்யாணம் நடக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது.

கமலநாதன் படித்து முடித்து லென்ஸை மேசைமேல் வைத்தார். ராசம்மா கைப்பையைத் திறந்தாள்.

லோஷினி எழுந்தாள். மோதிரத்தை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். மேசைமேல் கிடந்த லென்ஸை, கமலநாதனின் கை நீளும் முன்னே எடுத்துவிட்டாள்.

"அத்த, மொதல்ல இத நீங்களே ஒரு தடவ பாருங்க."

"அக்காவுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றார் கமலநாதன். லென்ஸைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"ஏன் தெரியாது?" ராசம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸைக் கண்ணருகே வைத்தாள். மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"எங்கம்மா இருக்கு நம்பரு?"