ஆரம்பக் கட்டம்

"கையை வீசி நட! இப்ப நடந்தாத்தான் சர்க்கரை ஏறாது" என்று பூங்கா பெஞ்சில் அமர்ந்தபடி மனைவியை விரட்டினார் ஓய்வுபெற்ற மேலாளர்.

"என்ன சார், வீட்டம்மாவுக்குச் சர்க்கரையா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஆரம்பக் கட்டம்தான். அவ பிறந்த வீட்டு வழி. எங்க பரம்பரையில யாருக்கும் கிடையாது."

மனைவி மூச்சு வாங்க அடுத்த சுற்றைத் தொடங்கினாள்.

ஆறு மாதம் கழித்து, பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் மேலாளரை முறைத்தார்.

"அம்மாவுக்கு அன்னைக்கும் சர்க்கரை இல்ல, இன்னைக்கும் இல்ல. உங்களைத்தானே சார் தினமும் நடக்கச் சொன்னேன்? இப்ப முத்திடுச்சே! இனிமே மாத்திரைதான்."

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

மனைவி சொன்னாள்: "சீட்டை என் பேர்லயே எழுதிடுங்க டாக்டர். மருந்துக் கடைக்காரர் எங்க தெருக்காரர். விஷயம் தெரிஞ்சா இவர் வெளிய தலைகாட்ட முடியாது."